பிளேடை எடுக்காதீர்கள், முதலில் தரையைப் பாருங்கள்

கேள்வி: காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பதினொரு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார், சின்ன வகையான சிறுவிடையும் பெரிய வகையான பெருவிடையும் கலந்து. நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பெருவிடைக் கோழி மூன்று வாரமாக இடது காலை ஊன்றத் தயங்குகிறது. பாதத்துக்கு அடியில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. அதைச் சுற்றி விரல் இடுக்கு வரை வீக்கம். பக்கத்து வீட்டுக்காரர், "ஆணி விழுந்திருக்கு, பிளேடால கீறி வேரைப் பிடுங்கினாச் சரியாப் போயிடும்" என்கிறாராம். மருந்துக் கடையில் தண்ணீரில் கலக்கும் ஆண்டிபயாடிக் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு நாள் கொடுத்தும் குறையவில்லை. இப்போது சேவலும் லேசாக நொண்டுகிறது. ஒரு கிழக் கோழிக்குக் காலில் செதில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. "இது மற்றக் கோழிகளுக்குத் தொற்றுமா? முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? அறுத்துவிடுவதுதான் நல்லதா? கோழிகளைக் கவனிப்பது என் மாமியார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்டிருக்கிறார். கூடவே இரண்டு படங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோழியை அறுக்க வேண்டாம். பிளேடும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள், இந்த இரண்டை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கோழிக்கு வந்திருப்பது பம்பிள் ஃபுட் என்று கால்நடை மருத்துவர்கள் நாங்கள் சொல்லும் பாதத் தொற்று. நம் பக்கம் சேவல் வளர்ப்பவர்கள் இதைக் கால் ஆணி என்பார்கள். அந்தப் பேர்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் என்பது என் எண்ணம். மனிதர் காலில் விழும் ஆணி, செருப்பு அழுத்தித் தோல் தடித்துப்போவது. கோழிக்கு வருவது அதுவல்ல. தோலில் ஏற்பட்ட ஒரு சின்னத் திறப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டுவது. ஆணி என்று பேர் வைத்துவிட்டதால் அதற்கு ஒரு வேர் இருக்கும், அதைப் பிடுங்கினால் தீர்ந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கறுப்பாகத் தெரியும் அந்தப் பொருக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். விஷயம் அதற்குக் கீழே இருக்கிறது.

கிருமியின் பேர் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். எங்கிருந்தோ வந்த கிருமி இல்லை இது. நல்ல கோழியின் தோலிலேயே இருக்கும், நம் மூக்கிலும்கூட இருக்கும். தோல் முழுசாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். முள் குத்தினால், சிமென்ட் தரையில் உரசிப் பாதம் தேய்ந்தால், ஈரத்திலேயே நின்று தோல் ஊறிப்போனால் உள்ளே இறங்கிவிடும். அதனால் காலில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், கதவைத் திறந்துவிட்டது எது என்று நான் எப்போதும் தேடுவேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் கோழியின் காலைவிட அதற்குப் பின்னால் தெரிந்ததைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு மதில் சுவர் தெரிகிறது. சுவரின் மேல்பக்கம் முழுக்கக் கோழி எச்சம். அதாவது, ராத்திரி அங்கேதான் அடைகின்றன. கீழே சிமென்ட் தளம். சுவரோரம் அடுப்புக்கு அடுக்கிய சீமைக்கருவேல விறகு. ஐப்பசி மழை நின்று இரண்டு நாளாவது ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் குழாயடி இன்னும் சொதசொதவென்று இருக்கிறது. மூன்று கதவுகளும் ஒரே படத்தில் இருக்கின்றன.

சிறுவிடைக் கோழி ஒன்றரைக் கிலோகூட இருக்காது. அது ஓட்டின் மேலிருந்து குதித்தாலும் இறகை விரித்து மெதுவாக இறங்கிவிடும். பெருவிடை அப்படியில்லை. கோழியே இரண்டரை மூன்று கிலோ வரும், சேவல் நான்கைத் தாண்டும். அந்தப் பாரம் தினமும் விடியக்காலையில் ஐந்தடி உயரத்திலிருந்து சிமென்டில் பொத்தென்று விழுகிறது. முழுப் பாரமும் பாதத்தின் நடுவில் இருக்கும் மெத்தையில் இறங்குகிறது. உங்கள் வீட்டில் சிறுவிடை ஒன்றுக்கும் ஒன்றுமில்லாமல், பெருவிடைக் கோழிக்கும் அடுத்து சேவலுக்கும் வந்திருப்பது இதனால்தான். சேவலுக்குத் தொற்றிக்கொண்டது என்று பயந்திருக்கிறீர்கள். கோழிக்கழிச்சல் போலக் காற்றிலும் தண்ணீரிலும் பரவும் நோய் இல்லை இது. இரண்டும் ஒரே சுவரிலிருந்து ஒரே தரையில் குதிக்கின்றன. ஆனாலும் உடைந்த புண்ணிலிருந்து ஒழுகும் சீழ் தரையில் பட்டால், காலில் கீறல் உள்ள இன்னொரு கோழிக்குப் போக வாய்ப்பு உண்டு. அதனால் புண் ஆறும்வரை இந்தக் கோழியைத் தனியாக வையுங்கள்.

சீமைக்கருவேல முள்ளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு பாட்டி கூடையில் ஆறு கோழிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறுக்கும் பாதம் வீங்கியிருந்தது. இத்தனைக்கும் ஒரே நேரத்தில் வருகிறதே, ஏதோ புது நோய் போல என்று எனக்குக் கொஞ்சம் கலக்கம். முதல் கோழியின் பொருக்கை ஊறவைத்து எடுத்தபோது, சீழோடு சேர்ந்து அரை அங்குலத்துக்கு ஒரு முள் வந்தது. மூன்றாவது கோழியிலும் முள். விசாரித்தால், கோழிகள் இரவில் அடைவது முள் விறகுக் குவியலின் மேல். பாட்டி அன்றே விறகை இடம் மாற்றிவிட்டார், கோழிகள் தேறின. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து வறண்ட ஊர்களில் நொண்டும் கோழியைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் முள்தான். முள் உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் பேசாது.

சரி, இப்போது கோழியைப் பார்ப்போம். பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள், நொண்டும் காலை இன்னும் கெடுத்துவிடும். இருட்டி, கோழி அடைந்த பிறகு எடுங்கள், சாதுவாக வரும். ஒரு பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, அதன் தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் கால் இரண்டும் உங்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது, மூச்சு முட்டும். இன்னொருவர் டார்ச் அடிக்கட்டும். முதலில் நல்ல காலைப் பாருங்கள். நல்ல பாதம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் கெட்டது தெரியும். நல்ல பாதத்தின் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும், தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நோய் தொடங்கும்போது அந்தப் புள்ளிகள் ஓரிடத்தில் மழுங்கி, தோல் வழவழப்பாகச் சிவந்து காணும். அடுத்து அது காய்த்துப்போகும். அப்புறம்தான் கறுத்த பொருக்கு. அதற்கும் பிறகு மெத்தை முழுக்க உருண்டையாகக் கெட்டிப்பட்டு, வீக்கம் விரல்களுக்கு நடுவே மேல்பக்கம் பிதுங்கும். கோழியின் உடல் சூடே 41 டிகிரிக்கு மேல். ஆனாலும் இரண்டு காலையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தால், கெட்ட கால் இன்னும் சூடாக இருப்பது கைக்குத் தெரியும்.

உங்கள் கோழி நடுக்கட்டத்தைத் தாண்டிவிட்டது. விரல் இடுக்கு வரை வீக்கம் என்கிறீர்கள், மூன்று வாரம் ஆகியிருக்கிறது. இது வீட்டில் மட்டும் வைத்துத் தீர்க்கிற கட்டம் இல்லை. கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போகத்தான் வேண்டும். சேவலுக்கு வெறும் சிவப்பும் லேசான நொண்டலும் மட்டும் என்றால் அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஏன் பிளேடு வேண்டாம் என்கிறேன்? மனிதருக்கும் மாட்டுக்கும் கட்டி வந்தால் உள்ளே சீழ் குழம்பு மாதிரி இருக்கும், கீறினால் வடிந்துவிடும். கோழியின் உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. சீழைக் கரைத்து நீராக்கும் பொருள் கோழியின் வெள்ளை அணுக்களில் இல்லை. அதனால் சீழ் கெட்டிப்பட்டு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு மாதிரி உதிரி உதிரியாகவோ, காய்ந்த பன்னீர்க் கட்டி மாதிரியோ உள்ளே தங்கிவிடும். அது நரம்புக்கும் தசைநாணுக்கும் நடுவே விரல் விரலாகப் புகுந்திருக்கும். அமுக்கினால் வெளியே வராது, இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். அந்த இடத்தில் ரத்தக் குழாய்களும் விரலை மடக்கும் நாண்களும் நெருக்கமாக ஓடுகின்றன. ஒருமுறை ஒருவர் ஆசையாய் வளர்த்த சேவலை என்னிடம் கொண்டுவந்தார். வீட்டிலேயே கீறி, "வேரை" எடுத்தாயிற்று என்று சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்த்தால் ஒரு விரல் தொங்கிக்கொண்டிருந்தது, மடக்கும் நாண் அறுந்துபோயிருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் மூட்டும் பழுத்திருந்தது. எலும்புக்குள் போய்விட்ட தொற்று அது. பத்து நாள் போராடினேன், காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சேவல் வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கோழி கத்தாது, அடம்பிடிக்காது. அதனால் அதற்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பறவைகள் வலியை மறைக்கும், அது அவற்றின் இயல்பு.

மருந்தகத்தில் மருத்துவர் மரத்துப்போக மருந்து கொடுத்து, பொருக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் கட்டியைத் துணுக்கு விடாமல் எடுத்து, கழுவிக் கட்டுப் போடுவார். மரத்துப்போகும் மருந்தின் அளவு கோழிக்கு மிகவும் நுட்பமானது, கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. அதை நீங்கள் வாங்கி வைத்துப் பார்க்க வேண்டாம். அட்டைப் பெட்டியில் நான்கைந்து ஓட்டை போட்டு, அடியில் வைக்கோலோ உமியோ பரப்பி, காலை நேரத்திலேயே எடுத்துப் போங்கள். போக வழியில்லை என்றால் 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். கோழிக்குப் போய் வண்டியைக் கூப்பிடுவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

ஆண்டிபயாடிக் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. கட்டி உள்ளே இருக்கும்போது தண்ணீரில் கலக்கிய மருந்து அதற்குள் போய்ச் சேர்வதே கடினம். கெட்டிப்பட்ட சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எதன் வழியாகப் போகும்? நோயுற்ற கோழி எவ்வளவு தண்ணீர் குடித்தது என்றும் தெரியாது. மருந்து தேவையில்லாத மற்றக் கோழிகளும் சேர்ந்து அதைக் குடிக்கும். அரைகுறையாக மருந்து கண்ட கிருமிதான் அடுத்த முறை எந்த மருந்துக்கும் அடங்காமல் போகிறது. கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கை மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் மத்திய அரசு தடைசெய்தது. உங்களுக்குக் கொடுத்த பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல், மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து, தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று அவர் சொல்வார்.

முட்டைக்கும் இதுவேதான் பதில். மருந்து கலந்த தண்ணீரைக் குடித்த எந்தக் கோழியின் முட்டையையும், அந்த மருந்து உடலைவிட்டுப் போகும்வரை யாரும் சாப்பிடக் கூடாது, குழந்தைகள் மட்டுமில்லை. சில மருந்துகள் கடைசி வேளை கொடுத்து ஒரு வாரத்துக்கு மேலும் முட்டையில் வந்துகொண்டிருக்கும். எத்தனை நாள் என்பதை மருந்தின் பேரைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். அதுவரை முட்டையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் செய்யுங்கள். அறுத்துச் சாப்பிடலாமா என்பதற்கும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மருந்து உடம்பில் இருக்கிறது. அத்துடன் இந்தக் கிருமி இறைச்சியில் பெருகினால் வெளிவிடும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாது. இளைத்து, மூட்டு வீங்கி, தீனி எடுக்காத கோழியை மருந்து கொடுக்காவிட்டாலும் சாப்பிடக் கூடாது.

வலி நிவாரணி பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் கால்வலிக்கு வைத்திருக்கும் மாத்திரையைப் பாதி ஒடித்துப் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிப்பட்ட வலி மாத்திரைகளில் ஒன்றான டைக்ளோஃபினாக் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான், 2006இல் அதைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். மனிதர் மாத்திரை எதுவும் கோழிக்கு வேண்டாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. சேவலுக்கு இப்போதே தொடங்கலாம். கோழிக்கு மருத்துவர் பார்த்த பிறகு அவர் சொல்கிறபடி.

அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், கோழி நின்றால் கணுக்கால் முங்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்ட முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு. லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு, நம் நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். பேர் சொல்வது போல அது பேதியாக்கும், அதனால் தொட்டித் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கட்டும். முதல் இரண்டு நிமிடம் துள்ளும், அப்புறம் சூடு இதமாக இருக்கும் போலிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் கோழிகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடையுங்கள். ஈரத்தோடு கட்டினால் அதுவே புண்ணாகும். புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்தை இளந்தேநீர் நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். பொருக்கு தானாக நெகிழ்ந்து வந்தால் வரட்டும், நகத்தால் பெயர்க்க வேண்டாம்.

கட்டுப் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெறும் துணியைச் சுற்றினால் கோழி ஊன்றும்போது பாரம் அதே இடத்தில்தான் விழும். பழைய ரப்பர் செருப்பின் அடிப்பகுதியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பாதத்தின் மெத்தை அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். நடுவில் புண்ணின் அளவுக்கு ஓட்டை போட்டால், மெதுவடை மாதிரி ஒரு வளையம் கிடைக்கும். புண்ணின் மேல் சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து, அதன் மேல் இந்த வளையம். பிறகு விரல்களுக்கு நடுவே எட்டு வடிவத்தில் காஸ் கட்டைச் சுற்றி, மேலே தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத் துணியால் முடிக்க வேண்டும். இப்போது பாரம் வளையத்தில் இறங்கும், புண் தரையைத் தொடாது. சேவலுக்குப் புண் இல்லை, சிவப்பு மட்டும்தான் என்றாலும் இந்த வளையம் உதவும். கட்டி முடித்து ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தாலோ, வீங்கியிருந்தாலோ இறுகிவிட்டது என்று அர்த்தம், உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டை மாற்ற வேண்டும். நனைந்தால் அப்போதே.

குப்பைமேனி, மஞ்சள், வேப்பிலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அவற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுவது மேல்தோல் காயத்துக்கு நல்லதுதான், நானே சொல்வதுண்டு. ஆனால் திறந்த குழிக்குள் அரைத்த விழுதைத் திணிக்காதீர்கள், உள்ளேயே தங்கி அழுகும். புண் மூடி, தோல் வளர ஆரம்பித்த பிறகு மேலே தடவிக்கொள்ளலாம். சுண்ணாம்பு எப்போதும் வேண்டாம், சதையை வெந்துபோக வைக்கும்.

அறுவை செய்த கோழிக்கு முழுதாக ஆற மூன்று வாரமாவது பிடிக்கும், ஒரு மாதம்கூட ஆகலாம். இடையில் வீக்கம் பாதத்திலிருந்து காலுக்கு மேலேறினாலோ, கணுக்கால் மூட்டு சூடாகப் பருத்தாலோ, கோழி நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலோ, நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைக்குத் தட்டுப்பட்டாலோ மறுநாளுக்குத் தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் மாமியார் விஷயம் எனக்குக் கோழியைவிட முக்கியம். இந்தக் கிருமி மனிதரின் காயத்திலும் புகும். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் அவருக்கே தெரியாமல் போகலாம், ஆறவும் நாளாகும். அவர் கோழிக்குத் தீனி போடட்டும், முட்டை எடுக்கட்டும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் கட்டு மாற்றுவதை நீங்கள் கையுறை போட்டுச் செய்யுங்கள், அவர் வேண்டாம். கூண்டுப் பக்கம் போகும்போது அவர் காலில் மூடிய செருப்பு இருக்க வேண்டும். படத்தில் ஓரமாகத் தெரியும் பாதங்கள் அவருடையதுதான் என்று நினைக்கிறேன், வெறுங்காலாக இருக்கிறார். அதே முள், அதே ஈரம், அதே தரை. கழற்றிய கட்டையும் பஞ்சையும் எரித்துவிடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கிழக் கோழிக்கு வந்திருப்பது வேறு. செதில் கால் என்போம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி செதிலுக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருக்கிறது, அதன் கழிவு சேர்ந்து சேர்ந்து செதில் தூக்கிக்கொள்ளும், சுண்ணாம்பு பூசினாற்போல் காணும். இதுதான் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ செதில் இடுக்கெல்லாம் போகத் தடவுங்கள். பூச்சிக்கு மூச்சு முட்டிச் செத்துப்போகும். வாரம் இரண்டு முறை, ஒரு மாதத்துக்கு விடாமல். பழைய செதில் தானாக உதிர்ந்து புதிது வளர மாதக்கணக்காகும், பிய்த்து எடுத்தால் ரத்தம் வரும். மண்ணெண்ணெய், வண்டி ஆயில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் வெந்துவிடும், கூடவே கூடாது. மற்றக் கோழிகளின் காலையும் பார்த்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

நொண்டுவதெல்லாம் பாதத் தொற்றும் இல்லை. திருப்பூர் பக்கம் பனியன் கழிவு நூல் விரலில் சுற்றிக்கொண்டு, விரலையே அறுத்துவிடுவது நிறைய நடக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பாதம் சுத்தமாக இருந்து, கால் மட்டும் இழுத்துக்கொண்டால், அல்லது ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகக் கிடந்தால், அது நரம்பைத் தாக்கும் நோய். அதற்கு வீட்டு வைத்தியம் ஒன்றுமில்லை, உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது மறுபடி அந்தச் சுவருக்கு வருகிறேன். அதை மாற்றாவிட்டால் இவ்வளவு செய்தும் அடுத்த ஐப்பசிக்கு மறுபடி எழுதுவீர்கள். சுவரின் மேல் ஏறாதபடி ஒரு வலையைக் கட்டுங்கள். கூண்டுக்குள் பெருவிடைகளுக்குத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு அங்குல அகலமுள்ள மரக்கட்டை ஒன்றை, அவை ஏறி அடைவதற்கு வையுங்கள். விளிம்பை இழைத்து உருட்டிவிட வேண்டும். கூர் விளிம்பும் வழவழப்பான இரும்புக் குழாயும் பாதத்தைக் கெடுக்கும். கோழிக்கு ஒன்பது அங்குல இடம் போதும். கீழே மூன்று அங்குலத்துக்கு உமி. காங்கேயத்தில் அரிசி ஆலைக்கும் தேங்காய்க் களத்துக்கும் பஞ்சமா? உமியோ நார்க் கழிவோ மூட்டைக் கணக்கில் வாங்கிவிடலாம். மழை நாளில் தினமும் கிளறிவிட்டு, கட்டிப்பட்ட ஈர உமியை அள்ளி எருக்குழியில் போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூண்டுக்கு வெளியே, ஜல்லி பரப்பிய இடத்துக்கு மாற்றுங்கள். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று பச்சைச் சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ கோழிகள் நடக்கும் தரையில் தூவாதீர்கள். விறகைக் கோழி ஏற முடியாத இடத்துக்கு மாற்றி, தரையில் சிதறிய முள்ளைத் தரை காய்ந்திருக்கும் ஒரு வெயில் நாளில் துடைப்பத்தால் கூட்டி எடுங்கள்.

தீனி பற்றியும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ரேஷன் அரிசியும் மிச்சச் சோறும்தான் போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அரிசியில் வைட்டமின் ஏ கிடையாது. அது குறைந்தால் பாதத்தின் தோல் வறண்டு வெடிக்கும், கிருமிக்கு இன்னொரு கதவு. சோறு மட்டும் தின்று கொழுத்தால் பாதத்துக்குப் பாரமும் கூடும். வேலியோரம் முருங்கை இல்லாத வீடு உங்கள் ஊரில் இருக்காது. ஒரு கொத்து ஒடித்து, கோழி எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அரிசியில் பாதியைக் குறைத்து, மஞ்சள் மக்காச்சோளக் குருணையும் கொஞ்சம் முட்டைக் கோழித் தீவனமும் சேருங்கள்.

காலுக்குக் கட்டுப் போடுவதை எப்போது நிறுத்தலாம் என்று கேட்பீர்கள். பொருக்கு இல்லாமல், தோல் மூடி, அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். அப்புறம் கோழியைக் குப்பைமேட்டில் விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கிளறுவதற்கு ஒரு காலை ஊன்றியாக வேண்டும். இப்போது அது வலது காலைத் தரையிலிருந்து எடுக்கவே எடுக்காது. இடது காலை அழுத்தி ஊன்றி நின்றுகொண்டு, வலது காலால் பரபரவென்று குப்பையைப் பின்னால் தள்ளுகிற அன்று கட்டைக் கழற்றிவிடலாம்.